பசுமை மாறாத கோரைச் செடிகளைக் குளிர்காலம் முடிந்ததும் அடியோடு வெட்டலாமா?

வேண்டாம். அப்படி வெட்டித்தான் நான் மூன்று செடிகளை இழந்தேன்.

லண்டனில் எங்கள் வீட்டுப் பின்புறம், வேலியோர நிழலில் ‘எவர்கோல்ட்’ கோரை வைத்திருந்தேன். ஜப்பானைச் சேர்ந்த கேரெக்ஸ் ஓஷிமென்சிஸ் என்ற கோரையின் தோட்ட வகை அது. கரும்பச்சை இலை, அதன் நடுவே வெண்மஞ்சள் கோடு. பிப்ரவரியில், காய்ந்து நின்ற அலங்காரப் புற்களை அறுத்த கையோடு இதையும் அறுத்துவிட்டேன். அவை ஏப்ரலில் துளிர்த்துவிட்டன. இது மே வரை மொட்டைத் தூராகவே நின்று நடுவில் அழுகிப்போயிற்று.

அந்த அலங்காரப் புற்கள் குளிருக்கு முன்பே சத்தை வேருக்கு இறக்கிவிட்டு மேலே சருகாகின்றன. இந்தக் கோரைக்கோ பழைய இலைதான் குளிர்காலத்திலும் உணவு தயாரிக்கிறது. அதை முழுதாக எடுத்துவிட்டால் மீண்டெழத் தெம்பு இருக்காது.

பக்கத்து வீட்டு முதியவர்தான் எனக்கு வழி காட்டினார். மார்ச் கடைசியில் தடித்த கையுறை அணிந்து, விரல்களை விரித்து, தூரின் அடியிலிருந்து நுனிவரை கோதிவிட வேண்டும். குழந்தைக்குச் சிக்கெடுத்துத் தலைவாருகிற அதே பக்குவம். காய்ந்த இலை கையோடு வந்துவிடும், பச்சை நின்றுகொள்ளும். கையுறை கட்டாயம், இலையோரம் அரம்போல் கையைக் கிழிக்கும். கருகிய நுனிகளை மட்டும் கத்தரியுங்கள். செடி எவ்வளவு பரட்டையாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள்.

நியூசிலாந்துக் கோரையான கேரெக்ஸ் புக்கனானி வைத்திருந்தால் இன்னும் நிதானம் தேவை. அதன் இயல்பான நிறமே செம்புப் பழுப்பு. பட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். அதற்கு வெயில் பிடிக்கும். எவர்கோல்டுக்கு அரைநிழல் போதும். இரண்டுக்கும் ஈரம் வேண்டும், நீர் தேங்கக் கூடாது. நட்ட முதல் கோடையில் தண்ணீர் தவறவே கூடாது.

தொட்டிச் செடி காரணமில்லாமல் வாடினால் மண்ணைக் கொட்டிப் பாருங்கள். பழுப்புத் தலையுடன் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்கள் வேரைத் தின்றுகொண்டிருக்கலாம்.

தூரைப் பிரிப்பதானால் செடி வளரத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் பிரியுங்கள். இலையுதிர்காலத்தில் பிரித்தால் குளிர்ந்த ஈர மண்ணில் வேர் பிடிப்பதற்குள் அழுகிவிடும். ஒவ்வொரு துண்டிலும் வேரும் நாலைந்து பச்சைக் குருத்தும் இருக்க வேண்டும். எங்கள் வேலியோரத்தில் இப்போது நிற்கும் மூன்று செடிகளும் அந்தப் பெரியவர் ஓர் ஏப்ரலில் தன் தூரிலிருந்து பிரித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தவைதான்.