மூன்று லட்சமும் ஒரு லாட்டும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் வசிக்கிறேன். பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் நாட்டுப்படகுக்கு வரவுசெலவு பார்த்துவருகிறேன். ஆறு மாதமாக நிஃப்டி ஃபியூச்சர்ஸ், அதாவது பங்குச்சந்தைக் குறியீட்டின் மேலான முன்பேர ஒப்பந்தங்களுக்கான டெக்னிக்கல் உத்திகளைப் படிக்கிறேன். பதினைந்து நிமிட வரைபடத்தில் 20, 50 நகரும் சராசரிகள் (கடைசி 20, 50 பட்டைகளின் விலைச் சராசரி) ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் வாங்குவது, விற்பது என்ற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சந்தை பக்கவாட்டில் கிடக்கும் நாட்களில் அது மீண்டும் மீண்டும் ஏமாற்றுகிறது. கச்சான் காற்றுக் காலத்தில் தென்கடலை விட்டு வடகடலுக்குப் படகை மாற்றுகிறோமே, அதுபோலச் சந்தை மாறுவதை முன்கூட்டியே சொல்லும் இண்டிகேட்டர் எது? அம்மாவின் நகையை அடகு வைத்து மூன்று லட்சம் தயாராக இருக்கிறது.

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள தம்பி,

உங்கள் உவமையிலிருந்தே தொடங்குகிறேன். கச்சான் எந்த மாதத்தில் எழும், வாடை எப்போது திரும்பும் என்பதெல்லாம் உங்கள் அப்பாவுக்கு நாட்காட்டி பார்க்காமலே தெரியும். சந்தைக்கு அப்படிப் பருவம் கிடையாது. நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் வரும் கருவி ஏ.டி.எக்ஸ், வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978இல் ஆர்.எஸ்.ஐ. என்ற இன்னொரு கருவியோடு சேர்த்து அறிமுகப்படுத்தியது. அது 25க்கு மேல் ஏறினால் போக்கு வலுவாக இருக்கிறது என்று கொள்வது வழக்கம். ஆனால் அது கடந்துபோன கேண்டில்களின் (ஒவ்வொரு பதினைந்து நிமிட விலையசைவையும் காட்டும் பட்டைகள்) சராசரியை மறுபடியும் சராசரியாக்கி வருவது. உங்கள் வரைபடத்தில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை மொத்தமே 25 கேண்டில்தான் என்பதால், போக்கு இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்ளும் நேரத்தில் அன்றைய பொழுதின் பெரும்பகுதி கழிந்திருக்கும். முன்கூட்டியே சொல்லும் இண்டிகேட்டர் என்று ஒன்று இல்லை. எல்லாமே நடந்து முடிந்த விலையிலிருந்து பிறப்பவை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுவல்ல, கடைசி வரி. உத்தி நல்லதா கெட்டதா என்பதற்கு முன்னால் அந்த உத்தியைத் தாங்கும் அளவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களிடம் இல்லை என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன்.

குறியீட்டு ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் இருக்க வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 இறுதியில் உயர்த்தியது. நிஃப்டி 24,000 என்றும் ஒரு லாட், அதாவது ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் அலகுகள், 65 என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (லாட் அளவைப் பங்குச்சந்தை மாற்றிக்கொண்டே இருக்கும், அன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ளவும்). நீங்கள் கையில் எடுப்பது 15,60,000 ரூபாய்ச் சரக்கு. அதற்குக் கட்டிவைக்க வேண்டிய முன்பணமான மார்ஜின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, அதாவது 1,95,000 ரூபாய். ஒரு வணிகத்தில் மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இழக்கக் கூடாது என்று பாடங்களில் வரும் விதியின்படி உங்கள் எல்லை 3,000 ரூபாய். 65ஆல் வகுத்தால் 46 புள்ளி. காலையில் சந்தை திறந்ததும் வரும் முதல் கேண்டிலே பல நாட்களில் இதைவிட நீளமாக இருக்கும். அங்கே ஸ்டாப் லாஸ் (நட்டம் அந்த அளவை எட்டியதும் வெளியேற்றும் ஆணை) வைத்தால், திசையைச் சரியாகக் கணித்த நாளிலும் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள்.

சரி, உத்திக்கு மூச்சுவிட இடம் கொடுத்து 120 புள்ளி தள்ளி வைக்கிறீர்கள் என்போம். ஒரு தோல்விக்கு 7,800 ரூபாய். நகரும் சராசரி உத்திகள் பாதிக்கும் குறைவான தடவைதான் வெல்லும். சில பெரிய லாபங்கள் பல சிறிய நட்டங்களை ஈடுகட்டுவதால்தான் அவை பிழைக்கின்றன. நூற்றுக்கு நாற்பது தடவை வெல்லும் ஒரு முறையில், நூறு வணிகத்துக்குள் தொடர்ச்சியாக ஏழெட்டுத் தோல்வி வருவது இயல்பு, கெட்ட நேரம்கூட அல்ல. எட்டுத் தோல்வி என்றால் 62,400. மிஞ்சுவது 2,37,600. மார்ஜின் போக நாற்பதாயிரத்துச் சொச்சம்தான் கையிருப்பு. அன்றாட நட்டத்தை உடனுக்குடன் கட்ட வேண்டிய இந்த வணிகத்தில், அம்மாவின் நகை ஞாபகத்தோடு, ஒன்பதாவது வாய்ப்பில் நீங்கள் பொத்தானை அழுத்த மாட்டீர்கள். அந்தப் பெரிய லாபம் அந்த ஒன்பதாவதிலேயே இருந்துவிடக்கூடும்.

அதே நூற்றுக்கு ஒன்று விதியைக் காக்க 120 புள்ளி ஸ்டாப்புக்கு 7,80,000 ரூபாய் வேண்டும். நாள் வரைபடத்துக்கு மாறி 400 புள்ளி ஸ்டாப் வைப்பவருக்கு 26 லட்சம்.

ஸ்டாப் லாஸைப் பற்றி இன்னொன்று. 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, நிஃப்டி 8,745இல் முடிந்தது. ஒரு லாட் வாங்கி வைத்திருந்த நான், 8,600இல் ஸ்டாப் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்போடு அரண்மனை வாசலில் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். திங்கள் காலை சந்தை 8,000க்குக் கீழே திறந்தது. பத்து விழுக்காடு சரிந்ததும் முக்கால் மணி நேரம் வணிகமே நிறுத்தப்பட்டது. என் 8,600 என்ற விலை சந்தையில் பிறக்கவே இல்லை. அப்போது லாட் 75. ஐம்பதாயிரத்துக்கு மேல் போயிற்று. மாலையே கணக்கை முடித்துவிடுபவருக்கு இந்த ஆபத்து இல்லை, ஆனால் அவருக்கு வரியும் தரகும் அதிகம். பங்குப் பரிவர்த்தனை வரி ஃபியூச்சர்ஸில் விற்பனை மதிப்பின் மேல் விழுகிறது. 2024 அக்டோபரில் அதை 0.0125லிருந்து 0.02 விழுக்காடாக உயர்த்தினார்கள். அந்த விகிதத்திலேயே மேற்சொன்ன லாட்டை ஒரு முறை விற்க 312 ரூபாய், வென்றாலும் தோற்றாலும்.

எதிரில் நிற்பது யார் என்பதும் தெரிந்திருக்கட்டும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குச்சந்தை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டார்கள். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். பெரிய நிறுவனங்கள் எடுத்த லாபத்தில் பெரும்பகுதியை ஈட்டியவை கணினி நிரல்கள். நகரும் சராசரி வெட்டிக்கொள்வது உங்கள் கைபேசிக்குத் தெரியும் முன்பே அவற்றுக்குத் தெரியும்.

கற்பதை விடச் சொல்லவில்லை. நகையை மீட்டுவிடுங்கள், அடகு வட்டியை உங்கள் வெட்டு உத்தி கட்டாது. பழைய விலைகளை வாங்கி, 2015 வரையுள்ள தரவில் மட்டும் உங்கள் எண்களைத் தேர்ந்தெடுத்து, அதன்பின் ஒன்றையும் மாற்றாமல் மீதி ஆண்டுகளில் ஓட்டிப் பாருங்கள். 2020 மார்ச்சும், நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளி விழுந்த 2024 ஜூன் 4உம் அதில் இருக்க வேண்டும். கேண்டில் முடிந்தபின் வரும் சமிக்ஞைக்கு அடுத்த கேண்டிலின் தொடக்க விலையைத்தான் எழுத வேண்டும், அதே கேண்டிலின் விலையை எழுதினால் எந்த உத்தியும் அழகாகத் தெரியும். கூடவே, நிஃப்டியைத் தொடரும் இ.டி.எஃப். (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) அலகுகள் பத்தை வாங்கி, அதே விதிகளின்படி வாங்குவதும் விற்பதுமாக ஒரு வருடம் நோட்டில் எழுதி வாருங்கள். நூறு வணிகம் சேர்ந்ததும் அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். 20, 50 என்ற எண்கள் சரியா என்பதை அப்போது பேசலாம்.