ட்ரே கேக்: கேளுங்கள், சொல்கிறேன்

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே ட்ரே கேக் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கே (அஸ்தம்பட்டி): அக்கா, பையனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். இருபது பிள்ளைகள் வருவார்கள். மாமியார் முட்டை தொடமாட்டார். எவ்வளவு மாவு, எந்த ட்ரே?

ப: 9-க்கு 13 அங்குல ட்ரே போதும். நீளத்தில் 6, அகலத்தில் 4 என வெட்டினால் 24 துண்டு. மைதா 3 கப், சர்க்கரை 2 கப், கோகோ பவுடர் 6 மேசைக்கரண்டி, சோடா உப்பு 2 தேக்கரண்டி, தூள் உப்பு 1 தேக்கரண்டி. சலித்துக் கலந்து, தண்ணீர் 2 கப், சூரியகாந்தி எண்ணெய் 10 மேசைக்கரண்டி, வினிகர் 2 மேசைக்கரண்டி, வெனிலா எசென்ஸ் 2 தேக்கரண்டி ஊற்றுங்கள். கடலை எண்ணெய் வேண்டாம், வாசனை காட்டிக்கொடுத்துவிடும். சோடாவும் வினிகரும் சேர்ந்ததுமே நுரை கிளம்பும். கேக்கை மேலே தூக்குவது அந்த நுரைதான். அதனால் ஓவன் முன்னமே 180 டிகிரியில் சூடாகி இருக்க வேண்டும். கலக்கி வைத்துவிட்டு ஃபோன் பேசப் போனால் கேக் அடையாகிவிடும். 30 நிமிடத்தில் ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். ஒட்டினால் இன்னும் ஐந்து நிமிடம்.

கே (அம்மாபேட்டை): என் ஓடிஜியில் (சின்ன மின் ஓவன்) அந்த ட்ரே நுழையாதே?

ப: 8 அங்குலச் சதுர ட்ரே இரண்டில் பாதிப் பாதி ஊற்றிச் சுடுங்கள். பரப்பும் ஏறக்குறைய அதேதான். ஒட்டி வைத்து மேலே ஐசிங் பூசிவிட்டால் இணைப்பு தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும் என்றால் மாவையும் இரண்டு தடவையாகவே கலக்குங்கள்.

கே (ஏற்காடு): சேலத்தில் அம்மா வீட்டில் அருமையாக வந்த அதே கேக், இங்கே பொங்கி எழுந்து நடுவில் பள்ளம் விழுகிறது. ஓவன் கெட்டுவிட்டதா?

ப: ஓவன் மேல் பழி போடாதீர்கள் தம்பி, மலைதான் காரணம். நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவு என்பதால் நுரை வேகமாகப் பெரிதாகும். மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழி உடைந்து உட்கார்ந்துவிடும். தண்ணீரும் அங்கே 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் ஈரம் சீக்கிரம் போகும். சோடாவை ஒன்றரைத் தேக்கரண்டியாக்குங்கள். சர்க்கரையில் 2 மேசைக்கரண்டி எடுத்துவிட்டு, தண்ணீரில் 4 மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஓவனை 190-க்கு ஏற்றி, 25 நிமிடத்திலேயே குத்திப் பாருங்கள். முதல் முறை சோடாவை மட்டும் குறைத்துப் பார்த்தாலே பாதி சரியாகும்.

கே (செவ்வாய்பேட்டை): மே மாதப் பிறந்தநாள். போன வருடம் பட்டர் க்ரீம் வழிந்து மானம் போயிற்று.

ப: வெண்ணெய் 32 டிகிரி தாண்டினாலே இளகும், நம் சேலத்து மே மாதத்தில் அது நிற்கவே நிற்காது. 300 கிராம் டார்க் சாக்லேட்டை 150 கிராம் சூடான க்ரீமில் கரைத்து மெல்லிசாகப் பூசுங்கள். அதுவும் இளகும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேக்கை ட்ரேயை விட்டு எடுக்காமல் பூசினால் எங்கே ஓடிவிடும்? மல்கோவா துண்டு போட ஆசையென்றால் பரிமாறும்போது வையுங்கள், முன்பே வைத்தால் நீர் விடும்.

கே (ஐந்து ரோடு): கேக்கை ஏற்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் சிதறாதா?

ப: இருபது கொண்டை ஊசி வளைவு! ஒருமுறை அழகுக்காக அட்டைக்கு மாற்றி மடியில் வைத்துப் போனேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கேக் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி என் புடவையில். அன்றிலிருந்து ட்ரேயோடுதான். முதல் நாளே சுட்டு, நன்றாக ஆறவிட்டு மூடி, காரின் தரையில் ஈரத்துணி விரித்து அதன்மேல் வையுங்கள், வழுக்காது. இருக்கை சரிவாக இருக்கும், அங்கே வேண்டாம். மெழுகுவர்த்தியும் கத்தியும் மேலே போய்த்தான் நினைவுக்கு வரும், இப்போதே பையில் போடுங்கள். திரும்பும்போது ட்ரேயைக் கேட்டு வாங்கி வாருங்கள். என்னுடைய இரண்டு ட்ரே இன்னும் அந்த மலையில்தான் இருக்கின்றன.