லெதர் என்று வாங்கினேன், செதிலாக உரிகிறது

கேள்வி: மஞ்சள் வியாபாரம் பண்றேனுங்க. வண்டி பகலெல்லாம் மண்டி வாசல்ல வெயில்லயே நிக்குது. மூணு வருசத்துல டாஷ்போர்டு வெளுத்து, தொட்டாப் பிசுபிசுங்குது. போன வருசம் 14,000 ரூபா குடுத்து ‘ஒரிஜினல் லெதர்’ சீட் கவர் போட்டேன். அதுவும் ஓட்டற பக்கம் செதில் செதிலா உரியுது. இப்ப இன்னொரு கடையில 8,000 ரூபாய்க்கு கோட்டிங் அடிச்சா எல்லாம் சரியாயிடும்கறாங்க. அடிக்கலாமுங்களா? (பெருந்துறை வாசகர்)

பதில்: வேண்டாமுங்க. வெளுத்த பிளாஸ்டிக்குக்குப் பழைய நிறத்தையோ, உரிந்த சீட்டுக்கு மேல்தோலையோ எந்தக் கோட்டிங்கும் திருப்பித் தராது.

டாஷ்போர்டு இப்படிக் கெடுவது வெயிலாலும் சூட்டாலும்தான். பிளாஸ்டிக் மிருதுவாக இருக்க அதில் ஒருவித எண்ணெய்ப்பசை கலந்திருப்பார்கள். சூட்டில் அது கசிந்து மேலே வருகிறது. விரலில் ஒட்டுவது அதுதான். முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்கப் புகை போலப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் அதே சரக்கு. 2018-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கோடை வெயிலில் கார்களை நிறுத்தி அளந்தார்கள். ஒரே மணி நேரத்தில் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ். நிழலில் நின்ற காரில் 48 டிகிரி. ஈரோட்டுச் சித்திரை வெயிலைப் பார்த்த நமக்கு இது ஆச்சரியமில்லை.

அதனால் முதல் செலவு, முன்கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெள்ளி நிறத் தட்டிக்கு. சில நூறு ரூபாய்தான். மண்டியில் மரநிழல் கிடைக்காவிட்டால் வண்டியின் முதுகு வெயிலுக்கு இருக்கும்படி நிறுத்துங்கள். சீட்டின் மேல் பழைய சென்னிமலைப் போர்வை ஒன்றை விரித்துவிட்டுப் போங்கள். கறுப்பு பிலிம் பக்கம் போகாதீர்கள்: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம் வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது விதி.

டாஷ்போர்டைத் துடைக்க, ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரில் பிழிந்த துணி போதும். பாலிஷ் போட்டே ஆக வேண்டுமென்றால், தண்ணீர் அடிப்படையில் செய்த, பளபளக்காத மேட் வகையை வாங்குங்கள். சிலிக்கான் எண்ணெய் பாலிஷ் ஒன்றை நான் ஒருமுறை ஆசையாகப் போட்டுவிட்டு, சாயங்காலம் அவிநாசியிலிருந்து கோவைக்கு எதிர்வெயிலில் வந்தேன். டாஷ்போர்டின் பிம்பம் முழுதும் முன்கண்ணாடியில் விழுந்து, முன்னால் போன டூவீலரே தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டித் துடைத்த பிறகுதான் உயிர் வந்தது. ஸ்டியரிங்கிலும் பெடலிலும் அந்தப் பாலிஷைத் தடவவே தடவாதீர்கள், வழுக்கும்.

இனி சீட். கவரின் ஜிப் பக்கத்து ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். நார் நாராக, மெத்தென்று இருந்தால் தோல். உங்களுடையது செதிலாக உரிவதைப் பார்த்தால், துணி மேல் ஒட்டிய படலம் கழன்று வரும் ரெக்சின் என்றே தோன்றுகிறது. ஐந்து சீட்டுக்கு ஒரு மாட்டுத்தோல் போதாது. கொடுத்த விலைக்கு அசல் லெதர் வந்திருப்பது கடினம். ரெக்சின் மட்டமான பொருள் அல்ல, நல்ல ரெக்சின் நன்றாகவே உழைக்கும். ஆனால் லெதர் கண்டிஷனரை அது குடிக்காது, அதற்குச் செலவழிக்காதீர்கள். சானிடைசர் கையோடு சீட்டைத் தொடாதீர்கள், மேற்படலத்தை அரிக்கும். மஞ்சள் கறைக்குச் சோடா, சவக்காரம் வேண்டாம், கறை சிவந்துவிடும். குங்குமம் எப்படிச் சிவக்கிறது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். கவரைக் கழற்றி அரைமணி நேரம் வெயில் காட்டினால் மஞ்சள் தானாக மங்கும்.

புதுக் கவர் வாங்கும்போது ஒன்று முக்கியம். சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்ற லேபிள் தைத்திருந்தால், அந்த இடத்தைத் திறந்துவிட்ட கவராகவே கேளுங்கள். விபத்தில் பை விரிய வழி இல்லாமல் கவர் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. டாஷ்போர்டு விரிப்புக்கும் இதே எச்சரிக்கைதான்.

பில்லில் ‘லெதர்’ என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் விடாதீர்கள். உரிந்த இடத்தையும் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாய்வார்த்தையாகத்தான் ‘லெதர்’ என்றார்கள் என்றால் வழக்கு பலவீனம். அடுத்த முறை பணம் கொடுக்கும் முன்பே பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்க வண்டியில அசல் லெதர் சீட். ஆடி மழைக்கு வெள்ளையாப் பூசணம் பூக்குது. தேங்கா எண்ணெய் தடவலாமுங்களா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: தடவாதீங்க அம்மா. எண்ணெயில் தூசி ஒட்டும், நாளானால் சிக்கு வாடையும் வரும். வெளியே மழை விட்ட நேரத்தில் கதவுகளைத் திறந்து வைத்து, உலர்ந்த துணியால் பூசணத்தைத் துடைத்தெடுங்கள். பிறகு மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி, பிறகு நிழலில் காற்றாட விடுதல், காய்ந்ததும் லெதர் கண்டிஷனர். அப்படியே கால் மிதியடியைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். சொதசொதவென்று இருந்தால், அதைக் காய வைக்கும் வரை பூசணம் மறுபடி வந்துகொண்டே இருக்கும்.