உண்ணிச்செடி ஸ்டூலில் மாவு கொட்டுகிறதா?

குன்னூர் தங்கைக்கு வணக்கம். டிசைன் படித்துவிட்டு, லன்டானா எனப்படும் களையான உண்ணிச்செடியின் குச்சியில் ஆறு ஸ்டூல் செய்ததாகவும், இரண்டே மாதத்தில் மூட்டு தளர்ந்து அடியில் மாவு கொட்டுவதாகவும், பழைய கோவை வேலைக்கே போய்விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போக வேண்டாம். உங்கள் வடிவமைப்பு நன்றாக இருக்கிறது. குச்சியைப் பக்குவப்படுத்தியதில்தான் பிழை.

பச்சைக் குச்சியைத் தோலோடு ஆணி அடித்ததாகச் சொல்கிறீர்கள். தோலுக்கடியில்தான் பூச்சி சேரும், அது அரித்துத் தள்ளும் தூள்தான் அந்த மாவு. வெட்டிய மறுநாளுக்குள் பெரிய டிரம்மில் இரண்டு மணி நேரமாவது கொதிக்க வையுங்கள். சூட்டோடு உரித்தால் தோல் எளிதாக வரும், பிரம்பு போல வளையவும் செய்யும். ஆறிவிட்டால் ஒடியும். அப்புறம் நிழலில் காயட்டும். நம் ஊர் ஜூலை மழையில் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த மாதங்களில் நான் அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்பேன். குச்சி காயும்போது சுருங்கும், அதில்தான் உங்கள் மூட்டு தளர்ந்தது. எனவே காய்ந்த பிறகே மூட்டுப் போடுங்கள்.

காட்டுக்குள் வெட்ட வனத்துறை அனுமதி கட்டாயம். தேயிலைத் தோட்டத்து ஓரம் என்றால் உரிமையாளரிடம் கேட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறுமனே வெட்டினால் மறுபடி தழைக்கும். பழத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், விதை பரவிவிடும்.

ஒருமுறை நம் நீலகிரியின் கூடலூர் பக்கம் போய் வாருங்கள். பெட்டக்குறும்பர், பணியர் ஆகிய பழங்குடிக் கைவினைஞர்கள் இதே குச்சியில் செய்த ஆளுயரத்தை மிஞ்சும் யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அவர்களிடம் கூலி கொடுத்துப் பத்து நாள் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டூலின் படத்தை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.