மகள் தனியாக ஜெர்மனி போகிறார்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய இருந்தாலும், எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கெம்னிட்ஸில் முதுகலை படிக்கப் போகும் மகளுக்கு அதே விமானத்தில் ஒரு துணை கிடைக்குமா என்பதுதான் அது. தேடினால் கிடைக்கும். அக்டோபர் செமஸ்டருக்குச் சென்னையிலிருந்து ஜெர்மனி போகிற பிள்ளைகள் ஏராளம். ஆனால் அந்தத் துணை ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்தோடு சரி. அங்கிருந்து அந்தப் பிள்ளை ஆக்கனுக்கோ மக்டெபர்குக்கோ ரயில் ஏறிவிடும். பெட்டிகளோடு உங்கள் மகள் தனியாகத்தான் நிற்பார்.

எனக்குக் கவலை தந்தது வேறு விஷயம். விசா விண்ணப்பத்தை அவருடைய அப்பா நிரப்பினார். செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுன்ட்டை ஏஜென்சி திறந்து கொடுத்தது. அறையை அண்ணனின் நண்பர் தேடிக்கொண்டிருக்கிறார். டிக்கெட் போட்டது நீங்கள். மகள் என்ன செய்தார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வெளிநாட்டில் திணறுகிற பிள்ளைகளில் நான் அடிக்கடி பார்ப்பது பயந்த சுபாவக்காரர்களை அல்ல; தங்கள் காகிதங்களைத் தாங்களே தொட்டுப் பார்க்காதவர்களைத்தான். இமிகிரேஷன் அதிகாரி “எங்கே தங்கப் போகிறீர்கள், செலவுக்குப் பணம் எப்படி வருகிறது” என்று கேட்டால் அதற்கு இரண்டு வரியில் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மீதமிருக்கும் வேலைகளை இந்த வாரமே அவர் கைக்கு மாற்றிவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள், போதும்.

முதலில் டிக்கெட்டைப் பற்றிப் பேசிவிடுவோம், அதுதான் அவசரம். நல்ல நாள் பார்த்து அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை இரவு துபாய் வழியாகப் போட்டிருக்கிறீர்கள். மகள் போய் இறங்குவது அக்டோபர் 3. 1990-இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள் அது. நாடு முழுக்க விடுமுறை. 2026-இல் அது சனிக்கிழமை வருகிறது. மறுநாள் ஞாயிறு, ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் திறப்பதில்லை. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகளை விட்டால் பால்கூட வாங்க முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் அறைச் சாவி. விடுதிப் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் வேலை நாட்களில், முன்கூட்டியே சொன்ன நேரத்தில்தான் சாவி தருவார்கள். இரண்டு நாள் சாவி இல்லாமல், கடையும் இல்லாமல், புது ஊரில் ஹோட்டல் தேட வேண்டியிருக்கும். பஞ்சாங்கத்தோடு அந்த நாட்டு விடுமுறைப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்து, திங்கள் முதல் வியாழனுக்குள் பகலில் போய் இறங்குவது போல மாற்றுங்கள். சாவி வாங்கும் நேரத்தை மகளே மின்னஞ்சல் அனுப்பி உறுதி செய்துகொண்டு அதற்கேற்ற தேதியைச் சொல்லட்டும்.

தேதி மாற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னையிலிருந்து போகிற பல விமானங்கள் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புகிறவை. டிக்கெட்டில் 6-ஆம் தேதி 01.50 என்று இருந்தால் 5-ஆம் தேதி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். படித்தவர்கள் வீட்டிலேயே இதைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கியபின் லைப்ஸிக் வரை ஐசிஇ என்ற அதிவேக ரயில், அங்கிருந்து கெம்னிட்ஸுக்கு உள்ளூர் ரயில் என்பது வழக்கமான வழி. ஐசிஇ-யில் மலிவு விலை டிக்கெட் என்றால் அது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். இமிகிரேஷன் வரிசை நீண்டு ரயிலைத் தவறவிட்டால் பணம் போச்சு. விமானம் இறங்குவதற்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடட்டும், அல்லது எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டாக எடுக்கட்டும். சீனியர்கள் சொல்கிற ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ நல்ல திட்டம்தான். 2026-இல் மாதம் 63 யூரோ. ஆனால் அது உள்ளூர், வட்டார ரயில்களுக்கும் நகரப் பேருந்து, டிராமுக்கும் மட்டும், ஐசிஇ-க்குச் செல்லாது. நகரப் பேருந்திலும் டிராமிலும் சரியான டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம். புது ஆள், தெரியாது என்ற சமாதானமெல்லாம் பரிசோதகரிடம் எடுபடாது.

பணம். பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,904 யூரோ போட்டாயிற்று, கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணம் அவர் இறங்கிய அன்று கைக்கு வராது. மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் அவர் அங்கே போய்க் கணக்கைச் செயல்பட வைத்த பிறகு. அதற்குச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் இழுக்கலாம். ஆனால் முதல் வாரத்திலேயே வாடகை, முன்பணம், சாப்பாடு, போர்வை, பாத்திரம் என்று செலவு வரிசை கட்டி வரும். முன்பணமாக, இதர கட்டணங்கள் சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாத அளவு வரை கேட்க அங்கே சட்டத்தில் இடமுண்டு. ஆகவே வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக ஒன்றரை மாதச் செலவும் முன்பணமும் இருக்கட்டும், முந்நூறு யூரோ அளவுக்கு ரொக்கமும் இருக்கட்டும். சிறிய கடைகள் சிலவற்றில் இன்னும் ரொக்கம்தான். நகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: காதில் கழுத்தில் இருப்பது போதும், மீதி வீட்டு லாக்கரிலேயே இருக்கட்டும்.

பணத்தோடு ஒட்டியது அவருடைய இந்திய சிம். அங்கே போனதும் புது சிம் வாங்கிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். ரீசார்ஜ் இல்லாமல் எண் செத்துப்போனால் வங்கி ஓடிபி வராது, வருமான வரித் தளத்திலும் டிஜிலாக்கரிலும் நுழைவது தலைவலியாகிவிடும். புறப்படும் முன்பே ரோமிங்கில் எஸ்எம்எஸ் வரும்படி செய்துகொண்டு, ரீசார்ஜ் தேதியை யார் கவனிப்பது என்றும் முடிவு செய்யுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் அப்பா வைத்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

அறை விஷயத்தில் அண்ணனின் நண்பரை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கெம்னிட்ஸில் மாணவர் விடுதிகளை நடத்துவது ஷ்டூடென்டென்வெர்க் கெம்னிட்ஸ்-ஸ்விக்காவ் என்ற மாணவர் நல அமைப்பு. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இன்றைக்கே மகள் உட்கார்ந்து விண்ணப்பிக்கட்டும். மியூனிக்கோடு ஒப்பிட்டால் கெம்னிட்ஸில் வாடகை மிகக் குறைவு, அதனால் யாராவது “இன்றே முன்பணம் அனுப்பாவிட்டால் அறை போய்விடும்” என்று அவசரப்படுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவி கூரியரில் வரும்’ என்பது ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவர்களைக் குறிவைக்கும் பழைய மோசடி. அறையைப் பார்க்காமல், அல்லது நம்பகமான ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல், தனியாருக்கு ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

அறைக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த முகவரியில் பதிவு செய்யலாமா? குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது சட்டம். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி வாங்குவது வரை எல்லா இடத்திலும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். “பதிவெல்லாம் முடியாது, வாடகை குறைத்துத் தருகிறேன்” என்றால் அந்த அறை வேண்டாம்.

குடிபோன அன்றே தபால் பெட்டியில் மகளின் பெயர் ஒட்டப்பட வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும். ஜெர்மனியில் அரசும் வங்கியும் காப்பீடும் இன்னும் காகிதக் கடிதத்தில்தான் பேசுகின்றன. பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். பதிவு செய்த சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லையே என்று பிள்ளைகள் அதைக் குப்பையில் போடுகிறார்கள், அப்புறம் பாக்கி சேர்ந்து நிற்கிறது. டிவி இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு தரலாம்.

மருத்துவக் காப்பீட்டில் ஏஜென்சிகள் மலிவான தனியார் திட்டத்தை விற்கப் பார்க்கும். முப்பது வயதுக்குக் கீழே உள்ள மாணவர் அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில் சேரலாம். அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டு தனியாருக்குப் போனால் படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. மாதக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் நான் பொதுக் காப்பீட்டையே சொல்வேன். அது தொடங்கும் வரையிலான நாட்களுக்குப் பயணக் காப்பீடு கையில் இருக்க வேண்டும்.

பெட்டி கட்டுவது உங்கள் துறை, அதில் நான் அதிகம் தலையிடவில்லை. ஆனால் நெய், பால்கோவா, பாலில் செய்த இனிப்பு எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், விட்டுவிடுங்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி தாராளமாகப் போகட்டும். துபாய் வழியாகவே போவதானால் கசகசா ஒரு சிட்டிகைகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. சமையலுக்கு என்று கொண்டுபோனவர்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் அரைத்த கரம் மசாலாவில் கலந்திருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டுவிடுங்கள். மருந்துகள் அதன் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் போக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். அசல் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், பிளாக்டு அக்கவுன்ட் உறுதிக் கடிதம், இரண்டு நாள் உடை எல்லாம் கைப்பையில். செக்-இன் பெட்டி வராமல் போனாலும் ஓட்ட முடியும்.

கெம்னிட்ஸ் என்று தேடிப் பார்த்து 2018 ஆகஸ்ட் செய்திகளைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள். நடந்தது உண்மை. ஒரு கொலைக்குப் பிறகு தீவிர வலதுசாரிகள் தெருவில் இறங்கினார்கள், வெளிநாட்டவர் போலத் தெரிந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். 2025-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்ததும் அதே ஊர்தான். அங்கே போகிற மாணவர்கள் முதலில் அனுப்புவது ஏழு மீட்டர் உயர கார்ல் மார்க்ஸ் தலைக்கு முன்னால் எடுத்த படமாகத்தான் இருக்கும். பிரச்சினையே வராது என்று உங்களுக்கு நான் சத்தியம் செய்ய முடியாது. யாராவது டிராமில் வம்பு பேசினால் பதில் பேசக் கூடாது. ஓட்டுநர் பக்கமோ கூட்டம் இருக்கும் பக்கமோ நகர வேண்டும். மிரட்டினால் 110-இல் போலீஸை அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112. அவசரமில்லாத உடல்நலக் குறைவுக்கு, டாக்டர் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில், 116117. இவை மனப்பாடமாக இருக்கட்டும், போனில் சார்ஜ் இல்லாத நேரமும் வரும்.

பயப்பட வேண்டிய இன்னொரு ஆபத்து போன் வழியாக வருகிறது, அது உங்களுக்கும் வரலாம். தூதரகத்திலிருந்து பேசுகிறேன், விசாவில் பிழை, உடனே பணம் கட்டு என்பார்கள். அல்லது நடு இரவில் உங்களை அழைத்து, மகள் கைதாகிவிட்டார் என்பார்கள். தூதரகம் போனில் பணம் கேட்பதில்லை. குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று யார் சொன்னாலும் அந்தச் சொல் வராமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், அப்புறம் இந்தியத் தூதரகம். பெர்லினில் தூதரகமும் ஃப்ராங்க்ஃபர்ட், ஹம்பர்க், மியூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன.

போன் பேசுவதைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள். நமக்கும் அவர்களுக்கும் இப்போது மூன்றரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் 25 ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாலரை. நீங்கள் காலை ஆறு மணிக்குக் காபியோடு அழைத்தால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. எடுக்கவில்லை என்று பதறி அவருடைய தோழிகளையெல்லாம் எழுப்பாதீர்கள். தினமும் ஒரு நேரத்தில் ஒரு வரி செய்தி, வாரத்தில் இரண்டு நாள் நிதானமான பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம். டிசம்பரில் அங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த மாதங்களில்தான் பிள்ளைகள் சுருங்கிப்போகிறார்கள், வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறார்கள். “சாப்பிட்டாயா” என்பதோடு “இன்றைக்கு வெளியே போனாயா” என்றும் கேளுங்கள். பதில் தொடர்ந்து இல்லை என்றே வந்தால் மாணவர் நல அமைப்பின் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

பார்ட்டைம் வேலை முதல் செமஸ்டரில் வேண்டாம் என்பது என் கருத்து. வருடத்துக்கு 140 முழு நாள் வரை வேலை செய்ய அனுமதி உண்டு, அது எங்கும் ஓடிவிடாது. அந்த நேரத்தை ஜெர்மன் மொழிக்குக் கொடுத்தால், பின்னால் நிறுவனங்களில் துறை சார்ந்த மாணவர் வேலை கிடைப்பது எளிது. ஆங்கில வழிப் படிப்பு, மொழி தேவையில்லை என்று ஏஜென்சி சொன்னதைப் படிப்புக்கு மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள், வேலைக்குப் பொருந்தாது.

டிக்கெட்டை மாற்றியதும் புதிய தேதியை எனக்குத் தெரிவியுங்கள். அடுத்த கடிதத்தை மகளே எழுதட்டும். அறை ஒப்பந்தம் வந்திருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.