கடைக்குப் போனால் மட்டும் படபடப்பு: மேலதிகாரியின் கோபம் உடம்பைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருபுவனத்திலிருந்து தினமும் பேருந்தில் வந்து, கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தேன். சென்ற ஆண்டு புதிதாக வந்த சூப்பர்வைசர், வாடிக்கையாளர் எதுவும் வாங்காமல் எழுந்தால், அவர் படியிறங்குவதற்குள் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டுகிறார். கழிப்பறைக்குப் போய்வரும் நேரத்தைக் குறித்து வைக்கிறார். இரவு பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய குரல் பதிவு வருகிறது. ஆறு மாதமாகக் கடைத்தெருவில் இறங்கியதுமே நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது. கழுத்து வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். விடியற்காலையில் விழித்தால் பிறகு தூக்கம் வருவதில்லை. இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. இரத்த அழுத்தம் 148/94 இருந்தது. இ.சி.ஜி., தைராய்டு பரிசோதனைகள் சரியாக இருப்பதால் ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். விடுமுறை நாளில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு மனிதரின் கோபத்தால் இவ்வளவும் வருமா? மாத்திரை தேவைப்படுமா? கணவர் தறி நெய்கிறார். அந்த வருமானம் மட்டும் போதாது என்பதால் வேலையை விடவும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, வரும். நீங்கள் எழுதியிருப்பவற்றில் எதுவும் கற்பனை அல்ல. ‘டென்ஷன்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அங்கேதான் அது தொடங்க வேண்டும்.

திட்டு விழப்போகிறது என்று மனம் எதிர்பார்க்கும்போதே அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன. தோள், கழுத்துத் தசைகள் இறுகிக்கொள்கின்றன. கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் இயல்பாகக் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் மிகக் குறைவாகவும் இருக்க வேண்டியது. இரவு பதினொரு மணிக்கு வரும் குரல் பதிவைக் கேட்டுவிட்டுப் படுக்கும் ஒருவருக்கு அந்த ஒழுங்கும், அதனோடு உறக்கமும் கலைந்துபோவதில் வியப்பில்லை. வேலை கடினமாக இருப்பதைக் காட்டிலும், எந்த நேரத்தில் எதற்காக அவமானம் நேரும் என்று தெரியாமல் நாள் முழுவதும் நிற்பதுதான் உடம்பை அதிகமாக அரிக்கிறது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தையும் தீபாவளிக் கூட்டத்தையும் இத்தனை ஆண்டுகள் நீங்கள் சமாளித்தபோது வராத நோய் இப்போது வந்திருப்பதற்கு இது முக்கியக் காரணமாக இருக்கக்கூடும்.

இது மருத்துவ உலகம் நெடுநாளாக அறிந்த செய்தி. பிரிட்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகர ஆண் ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. மேலாளர் நன்றாக நடத்தியதாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய்கள் குறைவாக இருந்தன என்றும், ஒரே இடத்தில் வேலை பார்த்த காலம் கூடக் கூட இந்தத் தொடர்பு வலுத்தது என்றும் அது காட்டியது.

ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒருவர் தலையில் சுமத்திவிட்டுப் பரிசோதனைகளை விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றை எடுத்துக்கொள்வோம். கழிப்பறைக்குப் போனால் கணக்குக் கேட்பார்கள் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களைக் கடை வேலையில் இருப்பவர்களிடையே நான் அடிக்கடி பார்க்கிறேன். காலையில் வீட்டில் ஒரு காபி, பிறகு மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகுவது எளிது. ஆறு மாதத்தில் இரண்டு முறை வந்திருப்பதால் இதைத் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்றே கருத வேண்டும். எந்தக் கிருமி என்று காட்டும் சிறுநீர் கல்ச்சர், இரத்தச் சர்க்கரை, சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பாருங்கள். மருத்துவர் சொன்னால் வயிற்று ஸ்கேனும் எடுங்கள். சென்ற முறை மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாக எடுத்து விழுங்க வேண்டாம். நாள் முழுவதும் பிரித்துப் பிரித்துத் தண்ணீர் குடியுங்கள். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் சிறுநீர் கழியுங்கள். யார் நேரம் குறித்தாலும் குறிக்கட்டும்.

அடுத்து அந்தக் கழுத்து வலி மாத்திரை. டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும், இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. உங்கள் வயிற்று எரிச்சலிலும் அந்த 148/94-இலும் இதற்கு ஒரு பங்கு இருக்கக்கூடும். உடனே நிறுத்துங்கள், வலி மிகுந்தால் பாராசிட்டமால் போதும். கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் சிலருக்கு அதுவும் அழுத்தத்தை உயர்த்தும்.

மாத்திரை தேவையா என்பதை ஒரே ஒரு அளவீட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு வாரம், காலையும் மாலையும், காபி குடித்து அரை மணி நேரமாவது கழிந்த பிறகு, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்து, இரண்டிரண்டு முறை அளந்து எழுதுங்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அளந்துகொள்ளலாம். கடைக்குப் போகும் நாள், விடுமுறை நாள் என்று தனித்தனியே குறித்தால் நோயின் வேர் எங்கே என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். வீட்டில் அளந்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது இரத்தக் கொதிப்பே. மருத்துவர் மாத்திரை எழுதினால், ‘அந்த ஆள் போய்விட்டால் சரியாகிவிடும்’ என்று காத்திராமல் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வதும் உதவும். நெஞ்சில் அழுத்தும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அதைப் படபடப்பு என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உங்கள் முதலாளி இதைப் படித்தால் அவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆடையில் எந்தக் கரையை எந்த முகூர்த்தத்துக்குக் கேட்பார்கள் என்று அறிந்த ஒரு பெண்ணை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். திட்டுக்கு அஞ்சும் இடத்தில் தவறுகள் குறைவதில்லை, மறைக்கப்படுகின்றன. ஜரிகை இழை அறுந்த ஒரு புடவை விரிப்பில் கண்ணில் பட்டால், அதைச் சொல்கிறவருக்கே ஏச்சு விழும் என்பதால், அது சத்தமில்லாமல் மடிக்கப்பட்டு அடுக்குக்கே திரும்பிப் போகிறது. கல்யாண வீட்டில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. ஊழியர் திட்டு வாங்குவதைப் பார்த்த வாடிக்கையாளர் மறுமுறை அந்தப் படி ஏறத் தயங்குவார். சூப்பர்வைசர் கறாராக இருப்பதால் விற்பனை கூடுகிறது என்று நம்பும் முதலாளி, விலகிப் போன பழைய ஊழியர்களின் கணக்கையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாள், நேரம், சொன்ன சொல், உடன் இருந்தவர் பெயர் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு, முடிந்தால் உடன் வேலை செய்யும் இன்னொருவரோடு சேர்ந்து, முதலாளியைத் தனியே சந்தித்து, ‘அவர் கெட்டவர்’ என்று சொல்லாமல், கழிப்பறைக்குத் தடை கூடாது, வாடிக்கையாளர் முன்னால் திட்டக் கூடாது, இரவில் செய்தி கூடாது என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். உட்கார இருக்கை கேட்பதிலும் தயக்கம் வேண்டாம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தப்பட்டது. பலன் இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். அவருடைய பேச்சிலோ நடத்தையிலோ பாலியல் தொல்லை இருந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடையில் உள்ள புகார்க் குழுவையோ, பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்வதால் அது இல்லையென்றால் மாவட்ட அளவிலான புகார்க் குழுவையோ அணுகலாம்.

வேலையை இந்த வாரமே விட வேண்டாம். சம்பளம் நின்றுபோனால் அந்தக் கவலையும் இதே நோயைத்தான் வளர்க்கும். வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுங்கள். உங்கள் அனுபவத்துக்குக் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மதிப்பு உண்டு. மூன்று மாதத்தில் கடையிலும் மாற்றம் இல்லை, அழுத்தமும் இறங்கவில்லை என்றால், இடம் மாறுவதை ஒரு சிகிச்சையாகவே நான் எழுதித் தருவேன். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், மருத்துவச் சான்றுடன் எடுக்கும் ஓய்வுக்கு உதவித்தொகை கிடைக்குமா என்று ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லாமல், அழுகையாகவே வந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ, கணவரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். இப்போதைக்கு, அந்த ஒரு வார அளவீட்டுத் தாளையும் வலி மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொண்டு, முன்பு பார்த்த மருத்துவரையே மறுபடியும் பாருங்கள். கடையில் நடப்பதை இம்முறை விட்டுவிடாமல் அவரிடம் சொல்லுங்கள்.