40,000 ரூபாய்க்கு அனுபவச் சான்றிதழா? ஆட்டோமேஷன் நேர்காணலுக்கு 3 வாரம் போதும்

கேள்வி: எனக்கு வீடு ஏற்காடு. சேலம் அஸ்தம்பட்டியில் 9 பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் 3 வருடமாக மேனுவல் டெஸ்டிங் செய்கிறேன். கடந்த 6 மாதமாக ஜாவாவும், பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவியான செலினியமும் நானாகவே படிக்கிறேன். பெங்களூரு நிறுவனம் ஒன்றில் ஆட்டோமேஷன் வேலைக்கு 3 வாரத்தில் நேர்காணல். முதல் சுற்று வீடியோவில். ஒரு கன்சல்டன்சியில் 40,000 ரூபாய் கேட்கிறார்கள். 5 வருட ஆட்டோமேஷன் அனுபவம் என்று சான்றிதழ் தருவார்களாம், நேர்காணலின்போது பின்னாலிருந்து பதில் சொல்ல ஆளும் தருவார்களாம். எங்கள் நிறுவனத்தில் பி.எஃப். பிடித்தம் இல்லை என்பதால் என் அனுபவம் செல்லாது என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ‘முன்பணமாக 5,000 மட்டும் கட்டுங்கள்’ என்று இறங்கி வந்தாலும் கொடுக்காதீர்கள். 3 வருட மேனுவல் டெஸ்டிங், அதோடு 6 மாதம் சொந்தமாகப் படித்த செலினியம் என்பது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. ரெஸ்யூமின் முதல் வரியிலேயே அப்படி எழுதுங்கள். உங்கள் நிலையில் உள்ளவரிடம், திரையில் இருக்கும் ஒரு பட்டனைச் சரியாகப் பிடிக்கத் தெரிகிறதா, அது வரும்வரை காத்திருக்கத் தெரிகிறதா, எரர் வந்தால் அதைப் படித்துக் காரணம் சொல்ல முடிகிறதா, 15 வரி ஜாவாவைத் தானாக எழுத வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். மற்றதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு பழகிக்கொள்ளலாம்.

இருக்கும் 3 வாரத்தில் இன்னொரு கோர்ஸில் சேர வேண்டாம். பயிற்சிக்கென்றே இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ‘சாஸ் டெமோ’ தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லாகின், பொருள் பட்டியல், கார்ட், செக்அவுட் எல்லாம் அதில் உண்டு. சரியாக உள்ளே போகும் யூசர், தடுக்கப்பட்ட யூசர், வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் ‘பெர்ஃபார்மன்ஸ் கிளிட்ச்’ யூசர் என்று பல வகை யூசர்களை அவர்களே கொடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு டெஸ்ட் எழுதுங்கள். பேஜ் ஆப்ஜெக்ட் முறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கிளாஸ், டெஸ்டுகளை ஓட்டும் கருவியான டெஸ்ட்என்ஜியில் அசெர்ட் (எதிர்பார்த்தது வந்ததா என்ற சரிபார்ப்பு), தோற்றால் ஸ்கிரீன்ஷாட். இவ்வளவு போதும். ‘உங்கள் ஃப்ரேம்வொர்க்கை விளக்குங்கள்’, அதாவது டெஸ்டுகளை எப்படி அடுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டால், நீங்களே கட்டியதை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடலாம். மனப்பாடம் செய்தவர்கள் ‘அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது?’ என்ற அடுத்த கேள்வியிலேயே நின்றுவிடுவார்கள்.

லொக்கேட்டரில், அதாவது திரையில் உள்ள ஒன்றைப் பிடிக்கக் கொடுக்கும் அடையாளத்தில், பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, பிரவுசரில் வலது கிளிக் செய்து முழு எக்ஸ்பாத்தைக் காப்பி அடிப்பது. பக்கத்தின் உச்சியிலிருந்து படிப்படியாக இறங்கும் பாதை அது. நடுவில் டெவலப்பர் ஒரு பெட்டியைக் கூடுதலாகச் செருகினால் பாதை அறுந்துவிடும். ஐடி இருந்தால் ஐடி. இல்லையென்றால் சிஎஸ்எஸ் செலக்டர். எழுத்தைப் பார்த்துத் தேட வேண்டும், பக்கத்தில் உள்ளதை வைத்துப் பிடிக்க வேண்டும் என்றால்தான் எக்ஸ்பாத். ஒரு டேபிளில் குறிப்பிட்ட பெயர் இருக்கும் வரிசையின் எடிட் பட்டனை எப்படிப் பிடிப்பீர்கள் என்ற கேள்வி அடிக்கடி வரும். அதைத் தினமும் ஒன்று எழுதிப் பழகுங்கள். சரிபார்ப்பதும் சுலபம். எஃப் 12 தட்டி, எலிமெண்ட்ஸ் பகுதியில் கன்ட்ரோல் எஃப் கொடுத்து, உங்கள் எக்ஸ்பாத்தை ஒட்டுங்கள். ஒன்றில் ஒன்று என்று காட்டினால் சரி. மூன்றில் ஒன்று என்று காட்டினால், செலினியம் முதலாவதை எடுத்துக்கொண்டு போய்விடும். தப்பான பட்டனைத் தட்டிவிட்டு டெஸ்ட் ‘பாஸ்’ என்றும் சொல்லும். பல வருடம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கு இந்த எஃப் 12-ஐக்கூட யாரும் திறந்து காட்டுவதில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

காத்திருப்பது பற்றிய கேள்வி வராத செலினியம் நேர்காணலைப் பார்ப்பது அரிது, ஆகவே இதில் அதிக நேரம் செலவிடுங்கள். ‘த்ரெட் ஸ்லீப்’ என்று 5 விநாடி நிறுத்தினால், பட்டன் 1 விநாடியில் வந்தாலும் 5 விநாடி வீண். 6-ஆவது விநாடியில் வந்தால் டெஸ்ட் தோல்வி. 200 டெஸ்டில் தலைக்கு ஒன்று வைத்தாலே 1,000 விநாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம், சும்மா போகிறது. இம்ப்ளிசிட் வெயிட் என்பது, பிரவுசரை இயக்கும் டிரைவர் முழுவதற்கும் ஒரே பொது உத்தரவு. எக்ஸ்ப்ளிசிட் வெயிட் ‘இந்தப் பட்டன் கிளிக் செய்யத் தயாராகும் வரை’ என்று குறிப்பிட்ட ஒன்றுக்காக நிற்பது; வழக்கமாக அரை விநாடிக்கு ஒருமுறை பார்க்கும், தயாரானதும் நகர்ந்துவிடும். இரண்டையும் ஒரே புரோகிராமில் கலக்காதீர்கள். இம்ப்ளிசிட்டில் 10 விநாடியும் எக்ஸ்ப்ளிசிட்டில் 15 விநாடியும் வைத்தால், டைம்அவுட் 20 விநாடி கழித்து வரக்கூடும் என்று செலினியத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. இந்த ஒரு விஷயத்தைக் காரணத்தோடு சொன்னால், நீங்கள் நிஜமாகப் புரோகிராம் ஓட்டியவர் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அதே போலத்தான் ‘ஸ்டேல் எலிமெண்ட்’ எரர். பட்டனை ஒரு வேரியபிளில் வைத்த பிறகு பக்கத்தின் அந்தப் பகுதி புதிதாக வரையப்பட்டால், கண்ணுக்கு அதே பட்டன் தெரியும். வேரியபிளில் இருப்பதோ அழிந்துபோன பழைய பட்டன். காத்திருப்பதால் அது உயிர் பெறாது. மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். ‘கிளிக் இன்டர்செப்டட்’ என்றால் வேறு ஏதோ, பெரும்பாலும் சுற்றும் லோடிங் வட்டமோ குக்கி பட்டையோ, மேலே வந்து மறைக்கிறது என்று பொருள். கேப்சா, ஓடிபி இரண்டையும் எப்படி ஆட்டோமேட் செய்வீர்கள் என்று மடக்குவார்கள். செய்ய மாட்டோம் என்பதுதான் பதில். டெஸ்ட் சூழலில் கேப்சாவை அணைத்து வைக்கவும், நிலையான ஒரு ஓடிபி தரவும் டெவலப்பரிடம் கேட்போம் என்று சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘100 செலினியம் கேள்வி பதில்’ ஃபைல்களை நம்பாதீர்கள். குரோம் டிரைவரைத் தனியாக டவுன்லோட் செய்து பாதை கொடுக்க வேண்டும் என்றுதான் அதில் இன்னும் இருக்கும். 2022-இல் வந்த செலினியம் 4.6 முதல், செலினியம் மேனேஜர் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. நேர்காணல் செய்பவர்களிலும் சிலர் அந்தப் பழைய கேள்வியையே கேட்பார்கள். முன்பு அப்படி, இப்போது இப்படி என்று இரண்டையும் பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஜாவாவில் சொற்றொடரைத் திருப்பிப் போடுவது, எழுத்துகளை ஹேஷ்மேப்பில் எண்ணுவது, இரண்டாவது பெரிய எண், இரட்டிப்பானவற்றைக் கண்டுபிடிப்பது: இந்த நான்கையும் காகிதத்தில் எழுதுங்கள். எடிட்டர் தானாக நிரப்பித் தருவதற்குப் பழகிய கை, நேர்காணலில் வெறும் நோட்பேட் கொடுத்தால் தடுமாறும். ஹேஷ்மேப் வரிசை காக்காது, லிங்க்டு ஹேஷ்மேப் காக்கும். ஸ்ட்ரிங்கை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் எழுத்து ஒன்றாக இருந்தும் தவறாகப் போகலாம், ஈக்வல்ஸ் மெத்தட்தான் சரி. வெப்டிரைவர் என்ற இன்டர்ஃபேஸ் பெயரில் குரோம்டிரைவர் ஆப்ஜெக்டை ஏன் வைக்கிறோம் என்றால், நாளை ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றும்போது அந்த ஒரு வரியை மாற்றினால் போதும் என்பதற்காக. ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) பக்கம் 401, 403 என்ற எரர் எண்களின் வேறுபாடு (நீங்கள் யாரென்றே தெரியவில்லை; தெரியும், ஆனால் அனுமதி இல்லை), புரோகிராம் மாற்றங்களைச் சேமிக்கும் ‘கிட்’ கருவியில் கான்ஃப்ளிக்ட் (இருவரின் மாற்றங்கள் மோதுவது) வந்தால் என்ன செய்வது, இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

இனி அந்தக் கன்சல்டன்சி. உண்மையான ரெக்ரூட்டருக்குக் கட்டணம் தருவது ஆள் எடுக்கும் நிறுவனம். வேலை தேடுபவரிடம் கை நீட்டினாலே அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பின்னாலிருந்து பதில் சொல்லும் ஏற்பாடு, ‘முழுத் திரையையும் ஷேர் செய்யுங்கள், இந்த வரியை இப்போது மாற்றி ஓட்டிக் காட்டுங்கள்’ என்றதும் கவிழ்ந்துவிடும். தப்பித்து வேலையில் சேர்ந்தாலும், பின்னணி சரிபார்ப்பு சேர்ந்த பிறகும் நடக்கும். பி.எஃப். உள்ளவர்களுக்குத் தரப்படும் 12 இலக்க யுஏஎன் எண்ணின் பணி வரலாற்றில், எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி சேர்ந்தார், எந்தத் தேதி விலகினார் என்று வரிசையாக நிற்கும். உங்களுக்கு யுஏஎன் இல்லாவிட்டாலும், 5 வருடம் என்று காட்டினால் உங்கள் உண்மையான 3 வருடமும் பொய்யான வருடங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வேலை போவதோடு முடியாது. நேர்மையாக உழைத்த 3 வருடத்தையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். சான்றிதழ் ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொள்வது, ஆதார் ஓடிபி கேட்பது, ரசீது தராமல் ஜிபேயில் போடச் சொல்வது, இவையெல்லாம் அதே கூட்டத்தின் வேலைதான்.

பி.எஃப். இல்லாததைப் பற்றி உங்களைப் பயமுறுத்தியிருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். 9 பேர் உள்ள இடத்தில் பிடித்தம் இல்லாததில் தவறே இல்லை. அந்த எண்ணிக்கையில் கான்ட்ராக்டர் மூலம் வருபவர்களும் சேர்த்தி, கிளைகளும் சேர்த்தி. அஸ்தம்பட்டியில் 9 பேர், ஓசூர் கிளையில் 14 பேர் என்றால் மொத்தம் 23; அப்போது பிடித்திருக்க வேண்டும். ஒருமுறை 20-ஐத் தொட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது. இதில் தவறு நடந்திருந்தால் அது முதலாளியின் தவறு, உங்களுடையது அல்ல. ஆனால் கேட்டால் பதில் சொல்ல, எத்தனை பேர் என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

உங்கள் அனுபவத்துக்குச் சாட்சி வேறு உண்டு. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான 36 மாத வங்கி அறிக்கை, சம்பள உயர்வுக் கடிதம், நிறுவனத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்து ஒருவர் உறுதி செய்யத் தயாராக இருப்பது. வரி பிடித்தம் செய்திருந்தால் ஃபார்ம் 16 கிடைக்கும். பிடிக்காவிட்டால் அது வராது, வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்த ஒப்புகை இருந்தால் அதைக் கொடுக்கலாம். சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்கியவராக இருந்தால், சேர்ந்த தேதி, பதவி, சம்பளம் மூன்றும் எழுதிய கடிதத்தை லெட்டர்ஹெட்டில் வாங்கி, அடுத்த மாதத்திலிருந்தாவது சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். சில பெரிய நிறுவனங்களின் ஆன்லைன் படிவம் யுஏஎன் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. சிறிய ஊர்களில் சிறிய நிறுவனங்கள் இருக்கின்றன என்பதே அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது! அங்கே பூஜ்ஜியங்களால் நிரப்பாதீர்கள், அடுத்தவர் எண்ணைப் போடாதீர்கள். ‘என் நிறுவனத்தில் 20 பேருக்குக் குறைவு, பி.எஃப். பொருந்தாது, எனக்கு யுஏஎன் இல்லை’ என்று எச்ஆருக்கு மெயில் அனுப்பி, அவர்கள் சொல்வதுபோல் நிரப்புங்கள். அந்த மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். இதற்கு முன் எங்காவது வேலை பார்த்து யுஏஎன் வாங்கியிருந்தால் மட்டும் அதை மறைக்காமல் கொடுங்கள்.

நேர்காணல் நாளில் ஏற்காட்டில் இருக்காதீர்கள். மழையோ காற்றோ வந்தால் மலையில் மின்சாரமும் இணைப்பும் சேர்ந்தே போகக்கூடும். மோடத்துக்கு யுபிஎஸ் வைத்தாலும் லைன் போனால் பயன் இல்லை. முந்தைய நாளே 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலத்தில் உறவினர் வீட்டிலோ தோழி வீட்டிலோ தங்குங்கள். வேறு நிறுவன சிம் ஒன்றில் ஹாட்ஸ்பாட் தயாராக வையுங்கள். உங்கள் புராஜெக்டை அந்த லேப்டாப்பில், அந்த இணைப்பில், முந்தின இரவே ஒருமுறை முழுதாக ஓட்டிவிடுங்கள். புதிதாக ஒரு லேப்டாப்பில் ஓட்டினால், ஜாவா புராஜெக்டைக் கட்டும் கருவியான மேவன் தேவையான ஃபைல்களையெல்லாம் டவுன்லோட் செய்யத் தொடங்கும். திரையை ஷேர் செய்துகொண்டிருக்கும்போது அந்தப் பத்து நிமிடத்தை யாரும் உங்களுக்குத் தர மாட்டார்கள்.